தரச்சான்று முகமைத் தொடர்பு அலுவலர்

தரச்சான்று முகமைத் தொடர்பு அலுவலர் என்பவர், ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரச்சான்று (அங்கீகாரம்) வழங்கும் முகமைகளில் பணியாற்றி, தமக்கு ஒதுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு விதிமுறைகள் குறித்தும் மதிப்பீட்டு நடைமுறை குறித்தும் ஆலோசனை கூறும் முழுநேர ஊழியர் ஆவார். ஆங்கிலத்தில் இவர் பொதுவாக ஸ்டாஃப் லியேசான் என்று அழைக்கப்படுகிறார். முகமைகள் பலவற்றில் இவரது பதவிப் பெயர் துணைத் தலைவர் என்பதாகும். அமெரிக்க அமைப்புகளில் துணைத் தலைவர் என்பது ஒருவர் மட்டும் வகிக்கும் பதவி அன்று. ஒரே முகமையில் பலர் அப்பெயரோடு இருப்பர்.

ஒரு கல்லூரிக்குத் தரச்சான்று வழங்குவதா, நீட்டிப்பதா, நீக்குவதா என்ற முடிவில் இவருக்கு வாக்குரிமை இல்லை. எனினும் கல்லூரி அந்த முடிவை நோக்கிச் செல்லும் பாதையில் பல ஆண்டுகள் உடன் வருபவர் இவரே. ஆலோசகராகவும் முகமையின் பிரதிநிதியாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருப்பதே இப்பணியின் தனித்தன்மையும் சிக்கலும் ஆகும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் நடுவண் அமைச்சகம் இருந்ததில்லை. பள்ளித் தலைமையாசிரியர்களும் கல்லூரித் தலைவர்களும் தாமாகக் கூடி, கல்லூரியில் சேர்வதற்கான தகுதிகளை ஒழுங்குபடுத்த வட்டாரச் சங்கங்களை அமைத்தனர். நியூ இங்கிலாந்துச் சங்கம் 1885 இலும், நடு மாநிலங்களின் சங்கம் 1887 இலும், தென் மாநிலங்களின் சங்கமும் வட நடு மாநிலங்களின் சங்கமும் 1895 இலும் தோன்றின. வட நடுச் சங்கம் தரச்சான்று பெற்ற கல்லூரிகளின் முதற்பட்டியலை 1913 இல் வெளியிட்டது.

தொடக்கத்தில் அளவுகோல்கள் எண்ணிக்கை சார்ந்தவையாக இருந்தன. நூலகத்தில் எத்தனை நூல்கள், ஆசிரியர்களில் எத்தனை பேர் முனைவர் பட்டம் பெற்றோர், அறக்கட்டளை நிதி எவ்வளவு என்பன போன்றவற்றை எண்ணிப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. இத்தகைய முறையில் ஆலோசகருக்கு அதிக வேலை இல்லை. 1934 இல் வட நடுச் சங்கம் இம்முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு நிறுவனத்தையும் அது தனக்கென வகுத்துக்கொண்ட நோக்கத்தைக் கொண்டே மதிப்பிடுவது என்ற முறைக்கு மாறியது. சிறிய சமயக் கல்லூரியும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரே அளவுகோலின் கீழ் வந்தன. ஆனால் அந்த அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் தரும் என்பதை விளக்கிச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். தொடர்பு அலுவலர் பணியின் தேவை இம்மாற்றத்தில் வேர்கொண்டது எனலாம்.

தரச்சான்றின் விளைவு பெரிதானது போருக்குப் பின்னர் ஆகும். 1944 ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் அரசுப் பணத்தில் உயர்கல்வி பெறும் வழியைத் திறந்தது. போலிக் கல்லூரிகளும் அப்பணத்தை நாடியதால், 1952 ஆம் ஆண்டுச் சட்டம் முகமைகளின் தரச்சான்றைத் துணைக்கொண்டது. 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் கூட்டரசின் மாணவர் உதவித்தொகையையும் கல்விக் கடனையும் தரச்சான்றோடு பிணைத்தது. அதன்பின், தரச்சான்று இழக்கும் கல்லூரியின் மாணவர்கள் கூட்டரசின் உதவியை இழப்பர். அவர்கள் படித்து முடித்த பாடங்களை வேறு கல்லூரிகள் ஏற்றுக்கொள்வதும் அரிதாகும். சிறு கல்லூரிகளைப் பொறுத்தவரை இது மூடுவிழாவுக்கு ஒப்பானது.

பணிகள்

தொடர்பு அலுவலர் ஒருவரின் பொறுப்பில் பல பத்து நிறுவனங்கள் இருப்பது இயல்பு. சிகாகோவில் தலைமையகம் கொண்ட உயர் கற்றல் ஆணையம் (ஹையர் லேர்னிங் கமிசன்) ஏறத்தாழ 1,000 நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்குகிறது. களத்தில் மதிப்பிடுவோர் ஊழியர்கள் அல்லர். பிற கல்லூரிகளின் பேராசிரியர்களும் நிர்வாகிகளும் சக மதிப்பீட்டாளர்களாக வருகின்றனர். அவர்களைத் தெரிந்தெடுத்து, முரண்படு நலன் ஏதும் இல்லை என்று உறுதி செய்து, குழுவாக அமைப்பதில் தொடர்பு அலுவலருக்குப் பங்குண்டு.

கல்லூரியின் தரப்பில் இவரோடு தொடர்பில் இருப்பவர், அக்கல்லூரியால் அமர்த்தப்படும் தரச்சான்றுப் பொறுப்பாளர் ஆவார். இருவரின் பெயரிலும் தொடர்பு என்ற சொல் ஆங்கிலத்தில் வருவதால் புதியோர் குழம்புவதுண்டு. ஒருவர் முகமையின் ஊழியர். மற்றவர் கல்லூரியின் ஊழியர்.

மதிப்பீட்டுச் சுழற்சி முகமைக்கு முகமை வேறுபடும். உயர் கற்றல் ஆணையத்திலும் தென் மாநிலங்களின் ஆணையத்திலும் முழு மதிப்பீடு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நடு மாநிலங்களின் ஆணையத்தில் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நிகழ்கிறது. இடையில் வேறு அறிக்கைகளும் சோதனைகளும் உண்டு. தொடர்பு அலுவலரின் இடமும் அதற்கேற்ப மாறுகிறது. நடு மாநிலங்களின் ஆணையத்தில், கல்லூரி தன்னாய்வு அறிக்கையை எழுதத் தொடங்கும் கட்டத்திலேயே அவர் அக்கல்லூரிக்குச் சென்று ஆசிரியர்கள், மாணவர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆகியோரைச் சந்தித்து, ஆய்வுக்கான வரைவுத் திட்டத்தைப் பற்றிக் கருத்துரைக்கிறார். தென் மாநிலங்களின் ஆணையத்தில் துணைத் தலைவர் மதிப்பீட்டுக் குழுவோடு கூடவே வந்து, குழு விதிகளை மீறாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். உயர் கற்றல் ஆணையத்தில் குழு தன் போக்கில் சென்று வருகிறது. வரைவு அறிக்கை தொடர்பு அலுவலரின் பார்வைக்கு வந்த பின்னரே, உண்மைப் பிழைகளைத் திருத்துவதற்காகக் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறது.

வரைவு அறிக்கையைப் படிப்பது வெறும் மொழித்திருத்தம் அன்று. ஒவ்வொரு குறைக்கும் சான்று காட்டப்பட்டுள்ளதா, அக்குறை எந்த விதியைச் சார்ந்தது, மதிப்பீட்டாளர் தம் சொந்தக் கல்லூரியின் வழக்கத்தைப் பொதுவிதி போல எழுதிவிட்டாரா என்பன சரிபார்க்கப்படுகின்றன. ஆனால் குழுவின் தீர்ப்பை மாற்ற அலுவலருக்கு அதிகாரம் இல்லை. இக்கோடு மெல்லியது. தெளிவில்லாத ஒரு வரியைத் தெளிவாக்கும்போதே அதன் கடுமை கூடவோ குறையவோ செய்யும்.

முழு மதிப்பீடுகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் வரும் கேள்விகளே எண்ணிக்கையில் மிகுதி. புதிய வளாகம் திறத்தல், முதன்முறையாக முதுகலைப் படிப்பு தொடங்குதல், இணையவழிக் கல்விக்கு மாறுதல், மற்றொரு கல்லூரியோடு இணைதல், உரிமையாளர் மாறுதல் ஆகியவை கணிசமான மாற்றங்கள் எனப்படும். இவற்றுள் பலவற்றுக்கு முகமையின் முன் ஒப்புதல் தேவை. ஒப்புதல் பெறாமல் தொடங்கிய படிப்பில் சேர்ந்த மாணவருக்குக் கூட்டரசின் நிதியுதவி கிடைக்காமல் போகலாம். எனவே ஒப்புதல் தேவையா என்ற எளிய கேள்விக்குத் தொடர்பு அலுவலர் தரும் விடை பெருந்தொகையோடும் மாணவர் வாழ்க்கையோடும் தொடர்புடையது. பட்டறிவு மிக்க பொறுப்பாளர்கள் தொலைபேசியில் பெற்ற விடையை எழுத்திலும் கேட்டு வாங்கிக்கொள்வது இதனாலேயே.

ஆலோசனையின் எல்லை

தொடர்பு அலுவலர் விதி என்ன சொல்கிறது என்று கூறலாம். பிற கல்லூரிகள் எத்தகைய சான்றுகளை முன்வைத்தன என்று பொதுப்படக் கூறலாம். ஓர் அறிக்கையில் எது விடுபட்டுள்ளது என்று சுட்டலாம். இதைச் செய்தால் சான்று உறுதி என்று கூற இயலாது. அவர் நிறைவானது என்று கருதிய அறிக்கையை மதிப்பீட்டுக் குழு குறையுடையது எனக் காணலாம். குழு பரிந்துரைத்ததை ஆணையம் ஏற்காமலும் போகலாம். கல்லூரிகள் இதில் மனக்குறை கொள்வது இயற்கை. எனினும் வாக்களிப்போரை ஊழியர் முன்கூட்டியே கட்டுப்படுத்தும் நிலை வந்தால் சக மதிப்பீடு என்பதே பொருளற்றதாகிவிடும்.

இவர் கட்டணம் பெறும் ஆலோசகரும் அல்லர். தன்னாய்வு அறிக்கை எழுத உதவும் தனியார் ஆலோசகர்கள் அமெரிக்காவில் பலர் உள்ளனர். அது வேறு தொழில். கூட்டரசின் விதித்தொகுப்பில் 34 ஆம் தலைப்பின் 602 ஆம் பகுதி, முகமைகள் தகுதியுள்ள போதிய ஊழியர்களைக் கொண்டிருக்க வேண்டும் என்றும், ஊழியர், மதிப்பீட்டாளர், ஆணைய உறுப்பினர் ஆகிய அனைவரின் முரண்படு நலன்களைத் தடுக்கும் தெளிவான ஏற்பாடு வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. முடிவெடுக்கும் அவையில் குறைந்தது ஏழில் ஒருவர் பொதுமக்கள் சார்பாளராக இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

ஒரு கல்லூரி எச்சரிக்கைக்கோ கண்காணிப்புக் காலத்துக்கோ உள்ளாகும்போது உறவு கடினமாகிறது. தண்டனைக் கடிதத்தை அனுப்பிய முகமையின் ஊழியரே, அதிலிருந்து மீளும் வழியையும் விளக்க வேண்டியவர். கல்லூரி அவரிடம் தன் குறைகளை மனம் திறந்து சொல்லுமா என்பது ஐயமே. கடுமையான செய்தி கிடைத்தால் அவர் அதை முகமைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ளது போன்ற மறைகாப்பு இங்கு இல்லை.

சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி வழக்கு

முகமையின் நடைமுறை பிழைத்தால் என்ன நிகழும் என்பதற்கு மிகவும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு கலிபோர்னியாவில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி ஆகும். ஏறத்தாழ 80,000 மாணவர்கள் பயின்ற இச்சமுதாயக் கல்லூரிக்கு, சமுதாய மற்றும் இளநிலைக் கல்லூரிகளுக்கான தரச்சான்று ஆணையம் 2012 சூலையில் காரணம் கேட்கும் ஆணை பிறப்பித்தது. 2013 சூலையில், ஓராண்டுக்குப் பின் தரச்சான்று நீக்கப்படும் என்று அறிவித்தது. நகர வழக்கறிஞர் ஆணையத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். 2014 சனவரியில் நீக்கத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இதற்கிடையே 2013 ஆகத்தில் கூட்டரசின் கல்வித் துறை ஆணையத்தின் நடைமுறையிலேயே குறைகளைக் கண்டது. மதிப்பீட்டுக் குழுவில் ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை. ஆணையத் தலைவரின் வாழ்க்கைத் துணைவர் ஒரு குழுவில் இடம்பெற்றிருந்தது முரண்படு நலனின் தோற்றத்தைத் தந்தது. கட்டாயம் திருத்த வேண்டிய குறையையும் மேம்பாட்டுக்கான யோசனையையும் ஆணையம் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. மூன்றாவது குறை சிறியதாகத் தோன்றினும், ஒரு கல்லூரி எதை உடனே செய்ய வேண்டும், எதைப் பின்னர்ப் பார்க்கலாம் என்று அறிய அதுவே அடிப்படை. 2015 இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், குழு கண்டவற்றுக்கு மேலாக ஆணையம் தானே சேர்த்த குறைகளுக்கு விடையளிக்கக் கல்லூரிக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்று கண்டது. 2017 சனவரியில் ஆணையம் கல்லூரியின் தரச்சான்றை ஏழாண்டுகளுக்கு உறுதி செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. தரச்சான்று ஒருநாளும் நீக்கப்படாமலேயே இது நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கல்லூரி மூடல்களும் தொடர்பு அலுவலரும்

கல்லூரி ஒன்று மூடப்படும்போது, மாணவர்கள் வேறிடத்தில் படிப்பைத் தொடர ஏற்பாடு செய்யும் நிறைவுத் திட்டத்தை முகமையிடம் அளிக்க வேண்டும். எந்தக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும், மதிப்பெண் பதிவேடுகளை யார் காப்பர் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். இத்திட்டம் பயன்பட வேண்டுமானால் கல்லூரி தன் நிதி நெருக்கடியை முன்னதாகவே முகமைக்குச் சொல்ல வேண்டும்.

அவ்வாறு நிகழாத வேளைகள் உண்டு. பிலடெல்பியாவில் இருந்த கலைப் பல்கலைக்கழகம், தான் மூடப்படவிருப்பதை 2024 மே 29 அன்றுதான் நடு மாநிலங்களின் ஆணையத்துக்குத் தெரிவித்தது. ஆணையம் சூன் 1 முதல் தரச்சான்றை நீக்கியது. சூன் 7 அன்று பல்கலைக்கழகம் மூடப்பட்டது. முகமையிடம் சொன்னால் தண்டனை வரும், செய்தி வெளிப்பட்டால் மாணவர் சேர்க்கை குறையும் என்று அஞ்சி நிறுவனங்கள் மௌனம் காப்பதுண்டு. இத்தகைய மௌனத்தைத் தொடர்பு அலுவலரின் ஆலோசனையால் மட்டும் நீக்க முடிவதில்லை.

இந்தியாவுடன் ஒப்பீடு

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவால் 1994 இல் பெங்களூருவில் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை (நாக்) இதே போன்று சக மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறது. தமிழகக் கல்லூரிகளில் உள்ள அகத் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளரை அமெரிக்கக் கல்லூரியின் தரச்சான்றுப் பொறுப்பாளரோடு ஏறத்தாழ ஒப்பிடலாம். ஆனால் நாக் அமைப்பு பல்லாண்டுகளாக எழுத்துத் தரநிலைகளை வழங்கி வந்தது. அமெரிக்க வட்டார முகமைகள் அவ்வாறு தரவரிசை இடுவதில்லை. ஒரு நிறுவனம் தரச்சான்று உடையது அல்லது இல்லாதது, அவ்வளவே. இதனால் அமெரிக்கத் தொடர்பு அலுவலரிடம் கூடுதல் மதிப்பெண் பெறும் வழியை யாரும் கேட்பதில்லை.

அண்மைக்கால மாற்றங்கள்

2020 சூலையில் நடப்புக்கு வந்த கூட்டரசின் விதிகள் வட்டார முகமை, தேசிய முகமை என்ற வேறுபாட்டை நீக்கின. அதுவரை தன் மாநிலத்துக்குரிய முகமையோடு மட்டும் இருந்த கல்லூரி, வேறு முகமையை நாட வழி பிறந்தது. புளோரிடா மாநிலம் 2022 இல் இயற்றிய சட்டம் அரசுக் கல்லூரிகள் முகமையை மாற்றிக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. 2025 சூனில் தென் மாநிலங்களின் ஆறு பல்கலைக்கழக அமைப்புகள் பொது உயர்கல்விக்கான புதிய ஆணையம் ஒன்றை அறிவித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் தரச்சான்று முறையைச் சீர்திருத்தக் கோரும் குடியரசுத் தலைவரின் செயலாணையும் வெளிவந்தது.

முகமையை மாற்றும் கல்லூரி, புதிய சான்று கிடைக்கும் வரை பழைய சான்றையும் இழக்காமல் காக்க வேண்டும். அக்காலத்தில் அதற்கு இரு முகமைகளின் விதிகளும் பொருந்தும். இரு தொடர்பு அலுவலர்களின் ஆலோசனையையும் அது கேட்டாக வேண்டும்.