கற்பிக்க வந்தவர் கற்ற எழுத்து

1886ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், கொரிய அரசின் தலைநகராகிய சியோலில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. மாணவர்கள் பல்லக்கிலும் குதிரையிலும் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய புத்தகங்களைச் சுமந்துகொண்டு பணியாட்கள் பின்னால் வந்தார்கள். மாணவர்களுள் சிலர் ஏற்கெனவே அரசுப் பதவி வகித்தவர்கள், குடும்பஸ்தர்கள். அந்த 35 பேருக்கும் ஆங்கிலம் கற்பிக்க வந்திருந்த மூன்று அமெரிக்கர்களுள் ஹோமர் ஹல்பர்ட் என்பவருக்கு வயது 23தான். சீன மறைநூல்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் உயர்குடியினரின் முன்னால் நின்று, 'ஏ, பி, சி' என்று அவர் தொடங்க வேண்டியிருந்தது.

கொரியர் ஆங்கிலம் கற்க விரும்பியதற்குக் காரணம் அச்சம். நெடுங்காலம் வெளியுலகிற்குக் கதவடைத்திருந்த நாடு அது. 1876இல் ஜப்பானோடும் 1882இல் அமெரிக்காவோடும் உடன்படிக்கை செய்துகொண்டபோது, தன் சார்பில் பேசப் போதிய ஆட்கள் தன்னிடம் இல்லை என்பதை அது உணர்ந்தது. 1883இல் மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கச் சிறு பள்ளி ஒன்று ஏற்படுத்தப்பட்டு, ஹாலிஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் அதில் பாடம் நடத்தினார். அது போதவில்லை. கோஜோங் மன்னர் அமெரிக்க அரசிடம் ஆசிரியர்களைக் கேட்டார். 1884இல் அரண்மனையில் வெடித்த கலகத்தால் தாமதம் ஏற்பட்டு, 1886 ஜூலையில்தான் ஹல்பர்ட், கில்மோர், பங்கர் என்னும் மூவரும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கு யுக்யோங் கோங்வோன் என்று பெயர். திறமையாளரை வளர்க்கும் நிறுவனம் என்பது அதன் பொருள்.

மூவரும் நியூயார்க் நகரின் ஒரு புராட்டஸ்டாண்டு இறையியல் கல்லூரியில் பயின்றவர்கள். ஆயினும் மறைபரப்பாளர்களாக அல்ல, மன்னரின் சம்பளம் பெறும் ஊழியர்களாகவே வந்தார்கள். கிறிஸ்தவ மறையைப் போதிக்க அந்நாளில் அங்கே உரிமை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், 1866இல் தொடங்கிய கலாபனையில், பிரெஞ்சுக் குருக்கள் ஒன்பது பேரும் ஆயிரக்கணக்கான கொரியக் கத்தோலிக்கரும் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த இரத்தத்தின் நினைவு ஆறாத நகரில்தான் இந்த இளைஞர்கள் வீடு பார்த்துக் குடியேறினார்கள்.

குடியேறிய நாட்களை எண்ணிப் பாருங்கள். கப்பல் இறங்கிய செமுல்போ துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரயில் வந்ததோ 1899இல். அந்தக் கோடையில் சியோலில் காலரா பரவியிருந்தது. இரவில் பெருமணி ஒலித்ததும் நகரவாயில்கள் அடைபடும். ஆண்கள் வீட்டினுள் இருக்க, பகலெல்லாம் உள்ளே அடைந்திருந்த பெண்கள் வீதியில் நடமாடுவார்கள். தரைக்கடியில் அடுப்பின் வெப்பத்தைச் செலுத்திச் சூடாக்கும் 'ஒண்டோல்' அறைகளில், காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர வேண்டும். இவை பழகிவிடும். பழகுவதற்குக் கடினமானது மரியாதையின் இலக்கணம். யாரிடம் எந்த வினைமுடிவைச் சொல்வது என்பதை அங்கே வயதும் பதவியும் தீர்மானிக்கின்றன. மணமாகாத ஆண், எத்தனை வயதானாலும், பின்னலைத் தொங்கவிட்ட சிறுவனாகவே நடத்தப்பட்டான். மணமானவனுக்கே உச்சிக்கொண்டையும் தொப்பியும் உரியவை.

(நம் குருக்கள் அங்கே எப்படித்தான் சமாளித்தார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. கலாபனைக் காலத்தில் பிரெஞ்சுக் குருக்கள் துக்கம் காக்கும் கொரியரின் உடையை அணிந்து நடமாடினார்கள். முகத்தை மறைக்கும் அகன்ற தொப்பி அதில் உண்டு. துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதும் இல்லை.)

பள்ளி தொடக்கத்தில் உற்சாகமாகவே நடந்தது. மன்னரே மாணவர்களைத் தம் முன்னிலையில் தேர்வுக்கு உட்படுத்தினார். ஆனால் அரசுப் பதவிக்குரிய பழைய தேர்வு சீன நூல்களையே அடிப்படையாகக் கொண்டு 1894 வரை நீடித்தது. அப்படியிருக்க, உயர்குடிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எவ்வளவு நாள் மனம் ஊன்றுவார்கள்? வருகை குறைந்தது, பணமும் குறைந்தது. 1889இல் கில்மோரும் 1891இல் ஹல்பர்ட்டும் நாடு திரும்பினார்கள். 1894இல் பள்ளியே மூடப்பட்டது. பங்கர் வேறு பள்ளிக்குச் சென்று தம் பணியைத் தொடர்ந்தார். எட்டே ஆண்டுகள்! இதைத் தோல்வி என்று எழுதிவிட்டு வரலாற்றாசிரியர் நகர்ந்துவிடலாம்.

நான் நகர விரும்பாததற்குக் காரணம், அந்தப் பள்ளிக்கு வெளியே ஹல்பர்ட் செய்த ஒரு காரியம். வந்த சில நாட்களிலேயே அவர் கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டார். 'ஹங்குல்' என்று இன்று அழைக்கப்படும் அவ்வெழுத்தை, எளிய மக்களும் படிக்க வேண்டும் என்ற நோக்கில் செஜோங் மன்னர் உருவாக்கி 1446இல் வெளியிட்டார். கற்றோரோ அதைப் பாமரரின் எழுத்து, பெண்களின் எழுத்து என்று ஒதுக்கி, 400 ஆண்டுகளுக்கு மேலாகச் சீன எழுத்திலேயே எழுதிவந்தார்கள். புதிதாக வந்த அந்நியருக்கு இது வியப்பாக இருந்தது. கொஞ்சம் சினமாகவும் இருந்தது. இத்தனை செம்மையான எழுத்தை வைத்துக்கொண்டு அதற்காக வெட்கப்படுவானேன்?

1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் 'சாமின் பில்ஜி' என்ற நூலை வெளியிட்டார். 'கற்றவரும் மற்றவரும் அறிய வேண்டியவை' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். உலக நாடுகளின் நிலவியல், ஆட்சிமுறை, விளைபொருள் முதலியவற்றைக் கூறும் பாடநூல் அது. முழுவதும் ஹங்குலில் எழுதப்பட்டது. ஆங்கிலம் கற்பிக்க அழைக்கப்பட்டவர், நாட்டின் பெரியோர் தொட மறுத்த எழுத்தில் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதினார். 1895இல் அந்நூலைச் சீன எழுத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள் என்பதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எல்லாரும் படிப்பதற்காக எளிமையாக எழுதப்பட்டதை, படித்தவர்கள் படிப்பதற்காகக் கடினமாக்க வேண்டியிருந்தது!

வீரமாமுனிவரை அறிந்த நமக்கு இப்படிப்பட்டவர்கள் புதியவர்கள் அல்லர். இருந்தாலும் வேற்று மொழிக்குள் நுழைவது எத்தனை கூச்சத்துக்குரியது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். என் முதற்பங்கில் மக்களுள் பாதிப்பேர் தெலுங்கு பேசுபவர்கள். என் பிழைகளை அவர்கள் முகத்துக்கு நேரே சிரிக்காமல் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு மூதாட்டி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் சக்கிறிஸ்து வாசலில் காத்திருந்து, அன்றைய பிழையை மெல்லச் சொல்லிவிட்டுப் போவார். அவரைப் போல ஒருவர் ஹல்பர்ட்டுக்கும் கிடைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

1893இல் மீண்டும் கொரியா வந்த அவர் அச்சகப் பொறுப்பேற்றார். பின்னர் அரசுப் பள்ளிகளிலும் கற்பித்தார். நாட்டுப்புறத்தார் பாடிவந்த 'அரிராங்' பாடலைக் கேட்டு, 1896இல் இசைக்குறியீடுகளோடு முதன்முதலாக அச்சேற்றினார். அவருடைய ஆர்வம் நம் வீட்டு வாசலையும் எட்டியது. 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட நூலின் பெயரை நினைவூட்டும் தலைப்பு. வினை இறுதியில் வருவது, வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, மரியாதைக்கேற்ப வினை மாறுவது ஆகியவற்றை அடுக்கி, இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்றார் அவர்.

இவ்வொப்புமையை அவருக்கு முன்பே கண்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பாரீசு வேதபோதக சபையைச் சேர்ந்த தந்தை தலே, மைசூர்ப் பகுதியில் மறைப்பணி ஆற்றியவர். கொரியாவில் 1866இல் மறைசாட்சியாக இறந்த ஆயர் தவேலுயி சேர்த்தனுப்பிய குறிப்புகளைக் கொண்டு, அந்நாட்டைக் காணாமலேயே 1874இல் கொரியத் திருச்சபையின் வரலாற்றை எழுதினார். அதன் முன்னுரையில், தாம் இந்தியாவில் பழகிய திராவிட மொழிகளின் சாயலைக் கொரிய மொழியில் சுட்டிக்காட்டினார். தந்தையை அங்கே 'அப்பா' என்றும், 'நீ' என்பதை 'நோ' என்றும் சொல்வதைக் கேட்டால் தமிழர் மனம் துள்ளத்தான் செய்யும். ஆனால் இன்றைய மொழியியலார் இந்த உறவை ஏற்பதில்லை. இத்தகைய இலக்கண அமைப்பு ஜப்பானியம், துருக்கி முதலிய மொழிகளிலும் உண்டு. நம் பெருமைக்காக உண்மையை வளைக்க வேண்டியதில்லை.

அந்நூல் வெளிவந்த ஆண்டே கொரியாவின் துயர ஆண்டு. ரஷ்யாவைப் போரில் வென்ற ஜப்பான் கொரியாவைத் தன் பிடிக்குள் கொண்டுவரத் துணிந்தது. ஹல்பர்ட்டும் அதுவரை ஜப்பானால் கொரியாவுக்கு நன்மை விளையும் என்று நம்பியவர்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்முன் நடந்தவை அவருடைய நம்பிக்கையைக் கலைத்தன. கோஜோங் மன்னர் ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். பிறர் கொடுமை செய்தால் நல்லெண்ண உதவி புரிவோம் என்று 1882இன் உடன்படிக்கையில் அமெரிக்கா வாக்களித்திருந்தது. வாசிங்டனில் அவரைச் சந்திக்க யாரும் அவசரப்படவில்லை. 1905 நவம்பர் 17 அன்று கொரியாவின் அயலுறவு உரிமையை ஜப்பானிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகே அவருக்குப் பேச்சு அனுமதி கிடைத்தது.

அந்த ஒப்பந்தத்துக்கு இசைந்த ஐந்து அமைச்சர்களுள் ஒருவர், அப்போது கல்வி அமைச்சராக இருந்த யீ வான்-யோங். 1910இல் பிரதமராக இருந்து நாட்டையே ஜப்பானோடு இணைக்கும் ஆவணத்தில் ஒப்பமிட்டவரும் இவரே. துரோகி என்ற சொல்லுக்குக் கொரியர் இன்றும் இவர் பெயரையே உவமை காட்டுகிறார்கள். இவர் எங்கே ஆங்கிலம் படித்தார் தெரியுமா? 1886இல், அதே யுக்யோங் கோங்வோனில்.

ஒரே அறை, ஒரே பாடம். நாட்டைக் காக்கவென்று ஊட்டிய கல்வியை உண்டவர் நாட்டைக் கைவிட்டார். கூலிக்கு வந்த அந்நியர் அந்நாட்டின் கடிதத்தைச் சுமந்து கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியராக இருந்த எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சம் கனக்கும்.

1907இல் ஹேக் நகரில் நடந்த சமாதான மாநாட்டுக்கு மன்னர் அனுப்பிய மூன்று தூதர்களுக்குத் துணையாக ஹல்பர்ட்டும் உழைத்தார். அவர்களை உள்ளே அனுமதிக்கவில்லை. மன்னர் பதவி துறக்க வற்புறுத்தப்பட்டார். அதன்பின் ஹல்பர்ட் கொரியாவில் குடியிருக்க முடியவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்தபடி, கொரியாவின் உரிமைக்காக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்தார். விடுதலைக்குப் பின் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ அவரை அழைத்தபோது அவருக்கு வயது 86. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்படுவதைவிடக் கொரிய மண்ணில் அடக்கம் செய்யப்படுவதையே விரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார். 1949 ஜூலை 29 அன்று வந்திறங்கினார். ஆகஸ்டு 5 அன்று இறந்தார்.

இன்றும் ஆங்கிலம் கற்பிக்க இளைஞர்கள் கொரியா செல்கிறார்கள். 1995 முதல் அரசே ஒரு திட்டம் வகுத்து அவர்களை அழைக்கிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த வணிக உடன்பாட்டால் இந்திய ஆசிரியர்களுக்கும் வழி திறந்தது. போய்ச் சேர்ந்ததும் முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று வயது. மரியாதை இலக்கணம் மாறவில்லை. ஆசிரியரை அங்கே 'சொன்செங்-நிம்' என்று அழைக்கிறார்கள். 'முன்னே பிறந்தவர்' என்பது அதன் வேர்ப்பொருள். 23 வயதில் அப்படி அழைக்கப்படுவது எளிய சுமையன்று.

சியோலில் ஹான் ஆற்றங்கரையில் ஜொல்துசான் என்ற குன்று இருக்கிறது. 1866இல் நம் கத்தோலிக்க மறைசாட்சிகள் தலைவெட்டுண்ட இடம், இன்று திருத்தலம். அங்கிருந்து சில நிமிட நடையில் யாங்ஹ்வாஜின் அந்நியர் கல்லறைத் தோட்டம். குழந்தையாகவே இறந்த தம் மகன் புதைக்கப்பட்ட அதே தோட்டத்தில் ஹல்பர்ட்டும் கிடக்கிறார். குடியரசுத் தலைவரின் கையெழுத்தைப் பொறிப்பதற்காக அவருடைய கல்லறைக்கல்லின் நடுவில் இடம் விட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே போர் மூண்டது. கல் 50 ஆண்டுகள் வெறுமையாகவே நின்றது. 1999இல்தான் அப்போதைய குடியரசுத் தலைவர் கிம் தே-ஜுங் எழுதிக் கொடுக்க, அதில் அவர் பெயரை ஹங்குல் எழுத்தில் செதுக்கினார்கள்.