குறையாகப் பதிவான ஒளி

ஒளியுணர் மின்தடையின் வரலாற்றை 1873 பிப்ரவரியில் வில்லோபி ஸ்மித் லட்டிமர் கிளார்க்குக்கு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். பாடநூல்கள் 'கண்டுபிடிப்பு' எனச் சுருக்கிவிடும் அக்கடிதம், உண்மையில் ஒரு கருவியின் குறையை விளக்க முற்படுவது.

ஸ்மித் தந்திப் பொறியாளர். கடலடி வடத்தை இறக்கும்போதே அதன் காப்புறையைத் தொடர்ந்து சோதிப்பதற்கு, கரை முனையில் மிக உயர்ந்த மின்தடை அவருக்குத் தேவைப்பட்டது. 5 முதல் 10 செ.மீ. நீளமுள்ள செலினியக் கோல்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்துப் பயன்படுத்தினார். சில கோல்கள் 1,400 மெகாஓம் வரை காட்டின. ஆயினும் ஒருவர் பெற்ற அளவை மற்றவர் பெற முடியவில்லை. பெட்டியின் மூடியை அகற்றியதும் கடத்துதிறன் 15 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது.

வெப்பம்தான் காரணமோ என்னும் ஐயத்தை அவர் விட்டுவைக்கவில்லை. கோலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, நீரினூடாக ஒளி விழச் செய்தார், விளைவு மாறவில்லை. என் கணிப்பில் கடிதத்தின் உயிர்நிலை இச்சோதனையே. மாற்றத்தை முதலில் கண்டவர் யார் என்பதைக் கடிதம் 'காணப்பட்டது' என்னும் செயப்பாட்டு வினைக்குள் மறைத்துவிடுகிறது. உதவியாளர் ஜோசப் மேயின் பெயரைப் பிற்கால நூல்களே முன்னிறுத்துகின்றன.

1880இல் கிரகாம் பெல்லும் டெயின்டரும் ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி ஏறத்தாழ 213 மீட்டர் அனுப்பியபோது, அதைப் பெற்றது செலினியக் கலமே. ஜகதீச சந்திர போஸ் 1904இல் காப்புரிமை பெற்ற கலீனா உணரியும் ஒளிக்கு வினைபுரிந்தது. ஆனால் அது தொடுமுனையை நம்பிய வேறு வகை. பெருமிதத்தில் இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது.

இயக்கத்தின் விளக்கம் குவாண்டம் கொள்கைக்குப் பின்னரே வந்தது. குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளியை விஞ்சும் ஒளி, பிணைந்த எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. மின்னோட்டம் சுமப்போர் பெருக, மின்தடை வீழ்கிறது. இருள் சூழ்ந்தபின் அவை மீண்டும் இணையக் காலம் பிடிப்பதால் இக்கருவி மந்தமானது. பின்னர் வந்த காட்மியம் சல்பைடு, மனிதக் கண்ணைப் போலப் பச்சை ஒளியில் கூருணர்வு மிக்கது. எனவே ஒளிப்படக் கருவிகளின் ஒளிமானியிலும் தெருவிளக்குச் சுற்றுகளிலும் இடம்பிடித்தது. நிலையான மின்தடை ஒன்றுடன் தொடராக இணைத்தால், இரண்டும் சந்திக்கும் புள்ளியின் மின்னழுத்தமே ஒளியின் அளவைச் சொல்லிவிடும். 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் காட்மியத்தைக் கட்டுப்படுத்தியபின், அவ்விடத்தை ஒளி டையோடுகள் பெரிதும் நிரப்பின.