ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் உறுப்புப் பொருத்தமும்: சுண்டெலிகள் தந்த விடை

நெய்வேலி நகரியத்தில் சுரங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் இல்லத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் செல்ல நேர்ந்தது. அவருடைய இளைய மகனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. அண்ணன்மார் இருவரும் தத்தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்தனர். பரிசோதனையில் நடுவரின் திசு தம்பியின் திசுவோடு முழுமையாகப் பொருந்தியது. மூத்தவருடையது சிறிதும் பொருந்தவில்லை. தம்பி பிழைத்தெழுந்தார். ஆயினும் மூத்தவர் அவ்வீட்டில் தலைகுனிந்தே நடமாடினார். தாயார் நம்மிடம் கேட்டது இதுதான்: “ஹஜ்ரத், மூணும் ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்கதானே? ஒருத்தனோடது சேருது, ஒருத்தனோடது சேரலேன்னா என்ன அர்த்தம்?”

அரபு மொழியில் கருவறைக்கும் இரத்த உறவுக்கும் ‘ரஹிம்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. அச்சொல்லின் வேரையும் விரிவையும் மாணவர்களுக்குக் கற்பித்து வரும் நம்மாலும் அன்று விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அந்த விடை முதன்முதலில் சுண்டெலிக் கூண்டுகளிலிருந்தே கிடைத்தது என்பதை அறிந்து வியந்தோம்.

கூண்டுகளில் தொடங்கிய ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புற்றுநோயை ஆராய்ந்தோர், ஒரு சுண்டெலியின் கட்டியை எடுத்து மற்றொன்றின் உடலில் வைத்துப் பார்த்தனர். சிலவற்றில் கட்டி வளர்ந்தது, சிலவற்றில் அழிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கிரான்பி என்னும் ஊரில் அபி லாத்ரோப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை சுண்டெலிகளை வளர்த்து ஆய்வகங்களுக்கு விற்று வந்தார். பிற்கால ஆய்வுகளில் பயன்பட்ட பல எலி வம்சங்களின் மூலம் அவருடைய பண்ணையே.

கிளாரன்ஸ் லிட்டில் என்பார் 1909இல் உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து வளர்க்கத் தொடங்கினார். இவ்வாறு இருபது தலைமுறைகள் கடந்தால் அவ்வம்சத்தின் எலிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே மரபணு உடையனவாகிவிடும். அவற்றுள் ஒன்றன் திசுவை மற்றொன்று ஏற்கும். இரு வம்சங்களைக் கலந்து பிறந்த முதல் தலைமுறை எலிகள், பெற்றோர் வம்சத்துக் கட்டியை ஏற்றன. அடுத்த தலைமுறையிலோ மிகச் சிலவே ஏற்றன. 1916இல் லிட்டிலும் டைசரும் வெளியிட்ட இம்முடிவு, ஏற்பதும் மறுப்பதும் பல மரபணுக்களின் செயல் என்பதைக் காட்டிற்று.

ஹால்டேனும் கோரரும்

அம்மரபணுக்கள் எவை என்பதற்கு வழிகாட்டியவர் இலண்டன் அறிஞர் ஹால்டேன். மனிதரின் இரத்த வகைகளைப் போன்றே, திசுக்களிலும் உடல் அந்நியமென உணர்ந்து எதிர்க்கும் அடையாளப் பொருள்கள் இருக்கலாம் என்பது அவர் கருத்து. இவற்றையே ‘ஆன்டிஜென்’ என்கின்றனர். அவரிடம் மரபியல் பயின்ற மருத்துவர் பீட்டர் கோரர், 1936, 1937ஆம் ஆண்டுகளில் சுண்டெலிகளின் சிவப்பணுக்களை ஆராய்ந்து, ‘இரண்டாம் ஆன்டிஜென்’ எனத் தாம் பெயரிட்ட ஒன்றைக் கண்டறிந்தார். அந்த அடையாளம் உள்ள வம்சத்தின் கட்டியை, அஃதில்லாத எலிகள் எதிர்த்து அழித்தன; அவற்றின் இரத்தத்தில் அதற்கெதிரான பொருளும் தோன்றியது.

அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊரில், லிட்டில் 1929இல் நிறுவிய ஜாக்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்நெல் இதே வினாவை வேறு வழியில் அணுகினார். வால் கோணலாக அமையும் ஒரு மரபுக் குறையோடு, திசு மறுப்பும் சேர்ந்தே இறங்குவதை அவர் கவனித்தார். கோரர் அங்கு வந்து சேர, இருவர் தேடியதும் ஒன்றே எனத் தெளிவாயிற்று. 1948இல் வெளியான அம்முடிவிலிருந்தே ‘எச்-2’ என்ற பெயர் நிலைத்தது. இதற்கிடையே 1947 அக்டோபரில் பெருந்தீயொன்று அவ்வாய்வகத்தை எரித்து, எலிகளையும் மாய்த்தது. முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த பிற ஆய்வகங்கள் அவற்றின் சந்ததிகளைத் திருப்பி அனுப்பின. கொடுத்து வைத்ததே மீண்டும் கைக்கு வந்தது.

எலியின் பதினேழாம் குரோமோசோமிலுள்ள எச்-2வுக்கு நிகரானது, மனிதரின் ஆறாம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. தொகுதி. பிரெஞ்சு மருத்துவர் ழான் டோசே 1958இல் இதன் முதல் அடையாளத்தை விவரித்தார். 1980இல் ஸ்நெல், டோசே, பெனசெராஃப் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கோரர் 1961லேயே மறைந்துவிட்டார்.

உறுப்பு மாற்றுவோரைத் தடுப்பதற்காக இறைவன் இவ்வடையாளங்களை வைக்கவில்லை. கிருமி புகுந்த அணு, அக்கிருமியின் துணுக்கை இவ்வடையாளத்தின் மீதேற்றிக் காவலணுக்களுக்குக் காட்டுகிறது என்பது 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் செய்த ஆய்விலிருந்து விளங்கிற்று. மனிதருக்கு மனிதர் அடையாளம் வேறுபடுவதால், ஒரே கிருமி அனைவரையும் ஒருசேர வீழ்த்துவது கடினமாகிறது. வேற்றுமையே சமுதாயத்தின் கவசம்.

நம் மண்ணில்

ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார் என்பதை நம்மவர் பலர் அறியார். அவர் காலத்தில் துரோணம்ராஜுவும் மீரா கானும் ஆந்திரத்தில் நெருங்கிய உறவுத் திருமணங்களை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடைபெற்ற சிறுநீரக மாற்று, நாட்டின் முதல் வெற்றிகளுள் ஒன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழுவினர் தமிழக மக்களின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்து, காசநோயோடு அவற்றுக்குள்ள தொடர்பை 1991இல் எடுத்துரைத்தனர்.

தமிழகத்தில் தாய்மாமனை மணக்கும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. மார்க்கத்தில் அது விலக்கப்பட்டது. மாமன், சிற்றப்பன் மக்களை மணப்பது கூடும். உறவுக்குள் தொடர்ந்து மணந்தால் பொருந்தும் திசு கிடைக்கும் வாய்ப்புக் கூடலாம். மறைந்திருக்கும் மரபு நோய்கள் வெளிப்படும் வாய்ப்பும் கூடும். ஆகுமானது என்பதற்காக அதையே தலைமுறைதோறும் தொடர வேண்டுமென்பதில்லை.

உறுப்பு மாற்றுப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1988இல் நிபந்தனைகளோடு இதனை அனுமதித்து, உறுப்பை விலைபொருளாக்குவதைத் தடுத்தது. 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது.

தாயாரின் வினாவுக்கு

தந்தையிடம் இவ்வடையாளத் தொகுதிகள் இரண்டு, தாயிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று வருகிறது. எனவே உடன்பிறந்த இருவரிடையே இரண்டும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் ஒத்திருக்க நான்கில் இரண்டு. எதுவுமே ஒவ்வாதிருக்க நான்கில் ஒன்று. பிள்ளையின் பாசத்திற்கோ பிறப்புக்கோ இதில் பங்கில்லை. முழுதும் பொருந்தாத மூத்தவரும் அதே தாய் தந்தையரின் மகனே.

சில மாதங்களுக்குப் பின்னர் மீண்டும் அவ்வில்லம் சென்றபோது, ஒரு தாளில் நான்கு கோடுகள் வரைந்து இதனை விளக்கினோம். தாயார் நெடுநேரம் பேசவில்லை. மூத்தவர் மட்டும் அத்தாளை வாங்கி, மறுபடியும் ஒருமுறை பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.