டெலோஸ்: கோயிலயல் மனைகள்

ஏஜியன் கடலின் நடுவிலுள்ள டெலோஸ் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளமே கொண்ட கற்றீவு. அப்பொலோ தெய்வம் பிறந்த இடமெனக் கிரேக்கர் போற்றியமையால் அது பெருந் திருத்தலமாயிற்று. 1873இல் அங்கு அகழ்வைத் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வாளர் முதலிற் கோயில்களையே நாடினர். கிரேக்கத்தைக் கோயிற்றூண்களாலும் சிலைகளாலும் மட்டும் அளக்கும் வழக்கம் இன்னும் நம்மை விட்டு முற்றாக நீங்கவில்லை. ஆயின், திருமுற்றத்துக்கு அணித்தாகவே மனைகள் நெருங்கி நின்றன என்பதை மறத்தல் ஆகாது.

இம்மனைகளின் வரலாறு விசித்திரமானது. கி. மு. 426ஆம் ஆண்டு மாரியில் அதெனியர் தீவைத் 'தூய்மை' செய்தனர். கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அகற்றினர். இனி அங்கு எவரும் பிறத்தலோ இறத்தலோ கூடாதென விதித்தனர். மகப்பேற்றை எதிர்நோக்கியோரும் மரணத்தறுவாயிலிருந்தோரும் அயலிலுள்ள ரெனியாத் தீவுக்குக் கொண்டுசெல்லப்படல் வேண்டும். தொட்டிலும் பாடையும் விலக்கப்பட்ட வீடு எத்தகைய வீடு? துசிடிடீஸ் இவ்விதியைப் பதிவுசெய்தார். அவ்வீட்டாரின் மனநிலையைப் பதிவுசெய்தாரில்லை.

பின்னர்த் தீவு சுதந்திரமாயிருந்த காலத்தில் (கி. மு. 314–167) தெய்வமே வீட்டுச் சொந்தக்காரராயிற்று. கோயிலுக்குரிய மனைகள் வாடகைக்கு விடப்பட்டன. வரவுகள் ஆண்டுதோறுங் கல்லிற் பொறிக்கப்பட்டன.

இன்று நாம் காணும் வீடுகளிற் பெரும்பாலானவை, உரோமர் தீவை அதெனியரிடம் ஒப்படைத்துத் தீர்வையற்ற துறைமுகமாக்கிய கி. மு. 2ஆம் நூற்றாண்டின் செல்வத்தால் எழுந்தவை. நடுமுற்றம், அதனைச் சூழ்ந்த தூண்கள், அடியில் மழைநீர்த்தொட்டி. நீர் அரிதான தீவில் மிக அழகிய முற்றமும் ஒரு தொட்டியின் மூடியே. ஒரு வீட்டில் தலையிழந்த இரு சிலைகள் நிற்கின்றன. கிளியோபாட்ரா என்னும் அதெனியப் பெண் (எகிப்திய அரசியல்லள்), தன் கணவன் தியோஸ்கூரிடீஸ் அப்பொலோ கோயிலுக்கு இரு வெள்ளி முக்காலிகளை அளித்ததைக் கல்லிற் பொறித்து, அவன் சிலையை நிறுவினாள். கோயிலிற் செய்த கொடை வீட்டில் விளம்பரமாயிற்று.

ஆயின், அவ்வீடுகளை நடத்தியோர் அடிமைகளே. நாளொன்றுக்குப் பல்லாயிரம் அடிமைகளை ஏற்று அனுப்பவல்லது டெலோஸ் என்றார் ஸ்ட்ராபோ. எண்ணிக்கை மிகையாகலாம், வாணிகம் மிகையன்று. எந்த அறை அவர்களுடையது எனச் சுவர்கள் பெரும்பாலுஞ் சொல்வதில்லை. எனினும், சில வீடுகளின் தெருவாயிலருகே பலியிடுங் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. அவை காவற்றெய்வங்களின் உரோம விழாவுக்குரியவை. அவ்விழாவை நடத்தியோரில் அடிமைகளும் விடுதலைபெற்றோரும் இருந்தமை கல்வெட்டுகளாற் புலனாகும். பழஞ் சாந்தின்மேற் புதுச் சாந்து பூசி, அக்காட்சிகளை அவர்கள் மீண்டும் மீண்டும் தீட்டினர். கி. மு. 88இலும் 69இலும் தீவு சூறையாடப்பட்ட பின்னரும் அச்சாந்தடுக்குகள் எஞ்சியுள்ளன.