சப்பாத்திக்கள்ளி: உணவுச் செடி களையான வரலாறு

ஒபன்ஷியா பேரினத்தைச் சேர்ந்த செடிகள் தமிழில் சப்பாத்திக்கள்ளி அல்லது நாகதாளி எனப்படுகின்றன. இவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. சங்கப் பாடல்களில் பாலை நிலத்தோடு வரும் கள்ளி இதுவன்று. சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற நம் நாட்டுக் கள்ளிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பால் நச்சுத்தன்மை உடையது. சப்பாத்திக்கள்ளியில் அத்தகைய பால் இல்லை. அதன் தாயகத்தில் மடலும் பழமும் அன்றாட உணவாகும்.

தாயகத்தில்

மெக்சிகோவில் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை உண்டு வருகின்றனர். ஆஸ்டெக் மக்கள் 1325இல் நிறுவியதாகக் கூறப்படும் தெனோச்சித்திலான் நகரின் பெயரிலேயே இக்கள்ளி இடம்பெற்றுள்ளது. கள்ளியின் மேல் கழுகு அமர்ந்த காட்சி மெக்சிகோ நாட்டுக் கொடியில் இன்றும் உள்ளது. அங்கே மடலுக்கு நோப்பல் என்றும் பழத்துக்குத் தூனா என்றும் பெயர்.

வீட்டுத் தோட்டங்களில் முள் குறைந்த செடிகளைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்ததால் ஒபன்ஷியா ஃபைக்கஸ்-இண்டிகா என்னும் இனம் உருவானது. இதை வளர்ப்பது எளிது. வெட்டிய மடலின் காயம் ஆறும்வரை சில நாள் நிழலில் வைத்திருந்து பிறகு நட்டால் வேர்விடும்.

இளம் மடல்களை அறுத்து, கத்தியால் முள்ளைச் சீவி, துண்டுகளாக்கி, உப்பிட்டு வேகவைப்பர். வெண்டைக்காயில் உள்ளது போன்ற வழவழப்பு இதிலும் உண்டு; வெந்த நீரை வடித்தால் அது குறையும். பின் வெங்காயம், தக்காளி, மிளகாய், முட்டை ஆகியவற்றுடன் சேர்த்துச் சமைப்பர். இச்செடி இரவில் கரியமில வாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேமிப்பதால், விடியலில் அறுத்த மடல் புளிப்பாக இருக்கும். பிற்பகலில் அறுத்தால் புளிப்புக் குறைவு.

சாயத்துக்காக வந்த செடி

இக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்திச் சிவப்புச் சாயம் எடுத்தனர். மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் இவ்வணிகத்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. அதற்குப் போட்டியாகக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் சாயம் தயாரிக்க முயன்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் முயற்சியால் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று அமைந்தது. கப்பல் மாலுமிகளைத் தாக்கிய ஸ்கர்வி நோய்க்கு இம்மடல் நல்ல காய்கறி என்றும் அவர் எடுத்துரைத்தார். ஆயினும் கம்பெனியின் நாட்டம் சாயத்தின் மீதே இருந்தது.

1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி, உயர்தரச் சாயம் தரும் இனமன்று. எனவே சாயத் தொழில் வேரூன்றவில்லை.

வேலியும் களையும்

சாய முயற்சி தளர்ந்தபோதும் கள்ளி நிலைத்தது. முள் மிகுந்த ஒபன்ஷியா டில்லெனி என்னும் இனம் வயலுக்கும் தோட்டத்துக்கும் வேலியாயிற்று. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. ஒடிந்து விழுந்த மடல்களும் வேர்விட்டன. மேய்ச்சல் நிலங்களும் புறம்போக்குகளும் புதராயின.

வெட்டிப் போட்டாலும் மீண்டும் முளைத்த இச்செடியை அழிக்க, 1926இல் டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவில் கள்ளிக் காடுகள் பெருமளவு அழிந்தன. பூச்சியைக் கொண்டு களையை ஒழித்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அறிவியல் நூல்கள் இதைக் கூறுகின்றன.

தமிழகத்தில் உண்ணும் வழக்கம்

செடி வந்த அளவுக்கு அதன் சமையல் முறை இங்கு வரவில்லை. மெக்சிகோவின் முள் குறைந்த இனம் இங்கே பரவாததும், கள்ளி என்றாலே நஞ்சு என்ற எண்ணமும் இதற்குக் காரணமாகலாம். மடல் காய்கறியாகவில்லை. ஆனால் சிவந்த பழத்தை ஆடு மேய்ப்போரும் சிறுவர்களும் தாமே உண்ணப் பழகினர். பழத்தைக் குச்சியால் தட்டிப் பறித்து, மண்ணிலோ கல்லிலோ தேய்த்துச் சுணை போன்ற நுண்முட்களை அகற்றுவர். உள்ளே நட்சத்திர வடிவில் இருக்கும் முள்ளை எடுத்த பின்னரே உண்ண வேண்டும். இல்லையெனில் தொண்டையில் சிக்கும் என்று எச்சரிப்பர். பழச்சாறு வாயையும் கையையும் சிவப்பாக்கும்.

இன்று

மழை குறைந்த பகுதிகளில் முள்ளில்லாக் கள்ளியைக் கால்நடைத் தீவனமாக வளர்க்கும் ஆய்வுகள் இந்தியாவில் நடைபெறுகின்றன. தென்னிந்திய நிலங்களை மீட்டுத் தந்த அதே பூச்சி, 2014இல் மொராக்கோவில் காணப்பட்ட பின், அங்கே வீடுகளைச் சுற்றிப் பழத்துக்காக வளர்த்த கள்ளிகளை அழித்தது. ஓரிடத்தில் களையாக ஒழிக்கப்பட்ட செடி, இன்னோரிடத்தில் குடும்பங்களுக்கு உணவும் வருமானமும் தருவதாக இருந்தது.