இரண்டு ஆண்டுச் சிறை: 304-ஏ பிரிவின் கதை

இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டபோது, கொல்லும் எண்ணமின்றி அஜாக்கிரதையால் உயிரிழப்பை ஏற்படுத்துவோருக்கு அதில் தனிப் பிரிவு இல்லை. 1870இல்தான் 304-ஏ சேர்க்கப்பட்டது. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அன்று சாலைகளில் ஓடியவை மாட்டுவண்டியும் குதிரைவண்டியும். மோட்டார் வாகனங்களுக்கென நாடு முழுவதற்குமான முதல் சட்டம் வந்ததே 1914இல்தான். லாரியும் பேருந்தும் பெருகிய பிறகும் அந்த இரண்டு ஆண்டு வரம்பு அசையவில்லை. அதை ஐந்து ஆண்டாக உயர்த்தலாம் என்று சட்ட ஆணையம் 1971இல் சொன்னது, நடக்கவில்லை.

‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்ற தொடர் தமிழகக் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளில் மாறாமல் வரும். 2024 ஜூலைக்கு முன் வழக்கு 279, 304-ஏ பிரிவுகளில் பதிவாகிவந்தது. ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால் ஓட்டுநர் சீக்கிரமே வெளியே வந்துவிடுவார். தண்டனை உறுதியானாலும் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடுவிக்கக் கோருவது வழக்கம். 2000இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம்தரவில்லை. உயிர்ப்பலி விபத்துகளில் பிறருக்கு அச்சம் தரும் தண்டனையே முதல் நோக்கம் என்றது.

இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டிக்க ஒரே வழியாக இருந்தது 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி. தன் செயலால் உயிர்போகக்கூடும் என்று தெரிந்தே செய்தவருக்கு அது பத்து ஆண்டு வரை சிறை விதித்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட, ஓட்டியவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே அங்கு கேள்வி. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், குடித்துவிட்டு ஓட்டப்பட்ட கார் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது ஏறியது. ஏழு பேர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் 304-ஏயின்கீழ் விதித்தது ஆறு மாதம். பம்பாய் உயர் நீதிமன்றம் 304ஆம் பிரிவுக்கு மாற்றி மூன்று ஆண்டாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உயிருக்கு ஆறு மாதம்கூடத் தேறவில்லை என்றாலும், சட்டத்தின் பார்வை மாறியதற்கு இதுவே சான்று. டெல்லியில் 1999இல் ஆறு பேரைக் கொன்ற பி.எம்.டபிள்யூ. கார் வழக்கிலும் 2012இலேயே 304ஆம் பிரிவே பொருந்தும் என்று தீர்ப்பானது. ஆனால் அனுபவித்த சிறைவாசமே போதுமென்று விட்டு, 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டு சமூக சேவையும் விதிக்கப்பட்டன.

பணம் கொடுத்தால் தண்டனை குறையுமா என்பது 2015இல் பஞ்சாப் வழக்கில் எழுந்தது. இழப்பீட்டைக் காரணம் காட்டி, ஓராண்டுச் சிறையை உயர் நீதிமன்றம் 24 நாளாகச் சுருக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக்கியதுடன், 304-ஏ தண்டனையைச் சட்டமியற்றுவோர் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் கூறியது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வரம்பை ஐந்து ஆண்டாக்கியது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பியோடினால் பத்து ஆண்டு என்றது அதன் இரண்டாம் உட்பிரிவு. கூட்டத்தின் அடிக்குப் பயந்தே ஓடுகிறோம் என்று லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வெறும் சாக்கு அல்ல. கும்பல் வெறியை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே ஒரு காரணமாக ஏற்கிறது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.