சேர் ஆதர் கொட்டனும் காவிரி அணைகளும்

கந்தளாய்க் குளத்தைச் சோழநாட்டினின்றும் வந்த குளக்கோட்டன் கட்டுவித்தான் என்பது திருகோணமலை மக்கள் வழிவழியாகப் போற்றிவரும் மரபு. ஆங்கிலேயர் அக்குளத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருத்தியமைத்தபோது, முன்னோர் இட்ட கரையே அவர்களுக்கும் அடிப்படையாயிற்று. அந்நூற்றாண்டிலே சோழநாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. அதன் நாயகர் சேர் ஆதர் கொட்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் ஆவர்.

1803 ஆம் ஆண்டிற் பிறந்த கொட்டன், 1819 இற் சென்னைப் பொறியியற் படையிற் சேர்ந்து, 1821 இல் இந்தியாவை அடைந்தார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட பாம்பன் நீர்வழியை அளந்தறியும் பணி அவர்தம் தொடக்க காலப் பணிகளுள் ஒன்று. 1828 அளவிற் காவிரிப் பாசனப் பொறுப்பு அவரைச் சார்ந்தது.

அக்காலத்திலே தஞ்சை நாடு பேரிடரொன்றை எதிர்நோக்கி நின்றது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பிற் காவிரியினின்றும் கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலின் வெள்ளம் அதன்வழியே கடலை நோக்கி விரைய, காவிரியோ மணல் மேவித் தூர்ந்துவந்தது. காவிரி தூர்ந்தாற் கழனிகள் என்னாகும்?

கொள்ளிடத்தின் குறுக்கே அணையிடுதலே தக்க பரிகாரம். ஆயின், ஆழங்காணாத மணலில் அடித்தளம் நிலைபெறுவது எங்ஙனம்? விடை அண்மையிலேயே இருந்தது. கரிகாலன் கட்டியதென மரபு கூறும் கல்லணை, அத்தகைய மணலின்மீதே பல நூற்றாண்டுகளாக நிலைத்து நின்றது. அதனைக் கண்டு தெளிந்த கொட்டன், 1836 முதல் 1838 வரை மேலணையையும் கீழணையையும் கட்டுவித்தார். காவிரியில் மீண்டும் நீர் பெருகிற்று. பின்னர் அது மிகுதியாகப் பாயவே, அதனை அளவுபடுத்தற்குக் காவிரித் தலைப்பிலும் ஓர் அணை வேண்டியதாயிற்று.

மணலில் அணையிடும் அதே அறிவே, 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்திற் கோதாவரியைத் தடுத்த பேரணைக்கும் துணையாயிற்று. 1861 இற் சேர் பட்டம் பெற்ற கொட்டன், 1899 இல் மறைந்தார். மணலில் அடித்தளமிடும் வித்தையை இந்நாட்டு முன்னோரிடமே கற்றோம் என்று அவர் தாமே எழுதிவைத்தார். ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்பட்டோரை ஆசிரியராக ஏற்றமை அக்காலத்தில் அரிய செயலாகும்.

எனினும், கட்டியவர் புகழ் அணையைக் காவாது. 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் கரை உடைந்து பல உயிர்களைக் கவர்ந்தது. 2018 ஆகத்திற் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்திற் சரிந்தன. முன்னோரிடம் கற்றல் ஒரு கடன். அவர் தந்ததை ஆண்டுதோறும் பேணுதல் அதனினும் பெரிய கடன்.